இரண்டு ரப்பர் பேண்டு பாட்டில்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய ஒரே அட்டையை அப்பா கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். நான் அதை எடுத்து ஒட்டி வைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் முகவரி எழுதுகிறேன். கதவு எண் கிழிந்த இடத்தில் இருக்கிறது. 18 என்று தோன்றுகிறது. தவறாக இருந்தால் இது வேறு யார் கைக்காவது போகும். அவர்கள் படித்தால் படிக்கட்டும்.

அப்பா ஒன்பது நாளாக மருத்துவமனையில் இருக்கிறார். உயிருக்கு ஆபத்து இல்லை என்று நேற்றுத்தான் சொன்னார்கள். வாயும் தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துபோய்விட்டன. வயிற்றில் துளை போட்டு, அதில் ஒரு குழாய் வைத்து, பால் மாதிரி ஏதோ ஒன்றை ஊற்றுகிறார்கள். பேச்சு வருமா என்று அத்தை கேட்டதற்கு டாக்டர், "பாக்கலாம்" என்றார். அவர் சொன்ன விதத்திலேயே வராது என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது.

எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். மே 26, மதியம். அம்மா உருளைக்கிழங்கை வேகவைத்து, ஆறவிட்டு, வெங்காயம் நறுக்கிப் போட்டு, வினிகர் ஊற்றிக் கலந்து வைத்தாள். வினிகர் என்று நினைத்து அவள் ஊற்றியது, அப்பா டைல்ஸ் வேலைக்கு வைத்திருக்கும் ஆசிட். அம்மாவுக்கு இரண்டு நாளாகச் சளி. மூக்கு அடைத்திருந்தது. விரல் எரிந்திருக்கிறது, வெங்காயம் நறுக்கும்போது கீறிய இடம் எரிகிறது என்று நினைத்தாளாம். அப்பா வேலையிலிருந்து பசியோடு வந்தார். உட்காரக்கூட இல்லை. நின்றபடியே இரண்டு கரண்டி அள்ளி வாயில் போட்டு விழுங்கிவிட்டார்.

அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே அத்தை பெட்டியோடு வந்துவிட்டாள். இப்போது அவள்தான் சமைக்கிறாள். அம்மா உள்ளே போகாமல் இருக்க, சமையலறை வாசலில் குறுக்கே ஒரு நாற்காலி போட்டிருக்கிறாள். முதல் நாள் அம்மா அதில் முட்டிக்கொண்டாள். முழங்காலில் தோல் போய்விட்டது. அத்தை, "இது நாற்காலி. அங்க இருந்தது ஆசிட். இப்ப வித்தியாசம் தெரியுதா?" என்றாள்.

அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "ரெண்டு இருந்துச்சே. ரெண்டு ரப்பர் பேண்டு இருந்துச்சே." அத்தை அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் திணித்தாள். "எங்க இருக்கு? தடவிப் பாத்துச் சொல்லு." அம்மா மேலிருந்து கீழே தடவினாள். கீழிருந்து மேலே தடவினாள். ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அவள் அதைச் சொல்லவில்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று எழுதினேன். நீ வர வேண்டும் என்று கேட்கவில்லை.

தங்கை


ஜூன் 12

பூனைக்கு,

கதவு எண் 16. 18-இல் இருக்கும் தையல்காரர் கொண்டுவந்து கொடுத்தார். உறையைப் பிரிக்கவில்லை, நல்ல மனுஷன்.

அழுதேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நிற்கிறவளுக்கு முகம் எப்படியும் ஈரமாகத்தான் இருக்கும்.

நான் இருப்பது பார்வை போனவர்களுக்கு வீட்டு வேலையும் தொழிலும் கற்றுத்தரும் ஒரு மையத்தில். சமையல் வகுப்பின் பாத்திரங்களைக் கழுவ எடுத்தார்கள். ஆறு மாதமாக வகுப்பிலும் உதவிக்கு நிற்கிறேன். அப்பாவோடு எதற்காகச் சண்டை போட்டு வெளியே வந்தேனோ, அதையே இங்கே ஒரு வேலையாகச் செய்கிறார்கள். முதல் வாரம் எனக்கு நம்பவே முடியவில்லை.

நீ அப்போது ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தாய், எல்லாம் பார்த்தாய். அம்மாவுக்குக் கண் முழுசாகப் போன மாதம் அப்பா அடுப்பின் திருகுகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். நான் கொறடு வாங்கி வந்து, அதால் அடுப்பைத் திருக அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எண்ணெய்க்கு ஒரு ரப்பர் பேண்டு, வினிகருக்கு இரண்டு, சர்க்கரை டப்பாவுக்கு மூன்று. அம்மா மூன்றே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். அப்பா கொறடைப் பார்த்த அன்று என்ன சொன்னார்? "நாளைக்கு இவளால ஒரு உசுருக்கு ஏதாவது ஆச்சுன்னா அது உன் தலையிலதான்." ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார், நான் போன பிறகு உன் சமையலைத் தாங்க முடியாமல் இரண்டே மாதத்தில் திருகுகளைத் திருப்பி மாட்டினாராமே. அதை அட்டையில் எழுதிக் கேட்டுச் சிரிக்க நினைத்திருந்தேன்.

இப்போது அது என் தலையில்தான் வந்து விழுந்திருக்கிறது.

சரி, கேள். அம்மாவின் கை சும்மா இருக்கக் கூடாது. எனக்கு அப்போது தெரிந்தது அரைகுறை. பாத்திரத்தை முதலில் அடுப்பின் நடுவில் வைத்து, மரக்கரண்டியால் சுற்றிலும் தொட்டுப் பார்த்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும். எண்ணெயைச் சாய்த்து ஊற்றவே கூடாது, வாய் அகன்ற ஜாடியில் வைத்துக் காம்பு மடித்த கரண்டியால் மொண்டு எடுக்க வேண்டும். ஆவியில் வேகவைக்கும்போது அடிப் பாத்திரத்தில் ஒரு நாணயம் போட்டால் தண்ணீர் இருக்கும்வரை அது ஆடிக்கொண்டே இருக்கும், சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது. வெங்காயம் எண்ணெயில் விழுந்ததும் கத்தும், பிறகு முணுமுணுக்கும், அதன் பிறகு வாசனை இனிக்கும். இதெல்லாம் அம்மாவிடம் சொல். கத்தியைச் சோப்புத் தண்ணீருக்குள் யாரும் போட்டு வைக்கக் கூடாது, இதை அத்தையிடம் சொல்.

இங்கே ரேடியோ என்று ஒருவர் இருக்கிறார். வாய் மூடவே மூடாது, அதனால் அந்தப் பெயர். முன்பு லாரி ஓட்டியவர். முதல் நாள் வெங்காயம் நறுக்கும்போது கண்ணீர் ஊற்றியது. "பாத்தீங்களா, பாக்கறதுக்கு இந்தக் கண்ணு நிரந்தர லீவு. அழறதுன்னா மட்டும் டூட்டிக்கு வந்துருது" என்றார். அம்மாவிடம் இதையும் சொல். சிரிப்பாள்.

இப்போது நீ பதில் சொல்ல வேண்டிய விஷயம். அப்பாவின் ஆசிட் ஐந்து லிட்டர் கேனில் இருக்கும், கைப்பிடி வைத்தது, தூக்கினால் தோள் வலிக்கும். அதை வினிகர் என்று நினைத்து அம்மா உருளைக்கிழங்கில் ஊற்றியிருக்கவே முடியாது. சின்னப் பாட்டிலுக்கு அதை மாற்றியது யார்? அந்தப் பாட்டில் சமையலறைக்கு எப்படி வந்தது? அம்மாவின் விரல் தப்பாகச் சொல்லி நான் பார்த்ததே இல்லை.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

ரேடியோ சொன்னதைச் சொன்னேன். அதாவது, உன் கடிதத்தின் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டினேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்கு வாயே திறக்காது. வீட்டில் இருக்க ஆள் வேண்டும் என்று பதினான்கு வயதில் நிறுத்தியபோது எல்லோரும் பாவம் என்றார்கள், எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. அம்மா கேட்டாள். சிரிக்கவில்லை. "அவரு வீட்ல அவர சமைக்க விடுறாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

உருளைக்கிழங்கு உரிக்கக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இது என்ன?" என்றாள். உருளைக்கிழங்கை, அக்கா. கையில் வைத்துக்கொண்டு கேட்கிறாள். காரட்டைக் கொடுத்தால் அதையும் கேட்கிறாள். சட்டையில் பொத்தான் போடும்போதுகூட, "இது பொத்தான்தானே?" என்கிறாள். அத்தை அதைக் கேட்டுவிட்டு, "இப்பவாவது கேக்கத் தோணுதே, சந்தோஷம்" என்றாள்.

உனக்கு நினைவிருக்கிறதா, நான் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் நடப்பேன் என்று அம்மா அடிக்கடி, "இருக்கியா?" என்று கேட்பாள். நான் பக்கத்தில் இருக்கும் சுவரிலோ மேசையிலோ இரண்டு தட்டுத் தட்டுவேன். நீ போன பிறகும் அப்படித்தான். ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்பாள். இப்போது கேட்பதில்லை. நான் கேட்காமலே தட்டுகிறேன். தலையை மட்டும் ஆட்டுகிறாள்.

அத்தை ஒரு காப்பகத்திலிருந்து படிவம் வாங்கி வந்திருக்கிறாள். கவனிக்க ஆள் இல்லாதவர்களுக்கான இடம். பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். அப்பா வீட்டுக்கு வந்த பிறகு அவரைப் பார்ப்பதா, இவளைப் பார்ப்பதா என்று கேட்கிறாள். அப்பா கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதமே எடுத்துக்கொள்வார்கள். அம்மாவிடம் கேட்டதற்கு, "அவர் சொன்னாச் சரி" என்றுவிட்டாள்.

ஆசிட் பற்றிக் கேட்டிருந்தாய். அப்பா வேலைக்கு எடுத்துப்போகச் சின்னப் பாட்டிலில் மாற்றி வைத்திருப்பார் போல. அத்தை அப்படித்தான் சொல்கிறாள்.

தங்கை


ஜூன் 29

பூனைக்கு,

அத்தை என்ன சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அவள் அன்று வீட்டிலேயே இல்லை. நீ இருந்தாய்.

உன் எழுத்தை எனக்குத் தெரியும். கோடு போட்ட மாதிரி இருக்கும், அதை வைத்துத்தான் பள்ளிக்கூடத்தில் உன்னைக் கொஞ்சமாவது மதித்தார்கள். போன கடிதத்தில் கடைசி மூன்று வரி மட்டும் ஏன் கோணிக்கொண்டு போகிறது?

இன்னொரு விஷயம். என்னைச் சமையல் வகுப்புக்குத் துணை ஆசிரியையாகப் போடுவதாக இருந்தார்கள். இந்த மாதம் முதல். நான் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேற்பார்வை அம்மா ஏன் என்று கேட்டார். நான் ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்தேன், அவள் சமைத்ததைச் சாப்பிட்ட ஆளுக்கு இப்போது வயிற்றில் குழாய் என்றேன். அவர், "எங்க தப்பு நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சியா?" என்று கேட்டார். கண்டுபிடிக்கவில்லை. தினமும் தொட்டியில் கை வைத்துக்கொண்டு அதைத்தான் யோசிக்கிறேன். ரப்பர் பேண்டு அறுந்து விழுந்ததா? விழுந்தால் வினிகர் என்று எதற்கு எடுத்தாள்? ரப்பர் பேண்டுக்குப் பதிலாகச் சணல் கட்டியிருக்க வேண்டுமோ? வினிகரையே அகன்ற ஜாடிக்கு மாற்றியிருக்க வேண்டுமோ? ரேடியோ பாட்டில்களைத் தடவும்போதெல்லாம் அவர் கையிலிருந்து பிடுங்கிவிடத் தோன்றியது. இப்போது பாத்திரம் மட்டும் கழுவுகிறேன்.

இதற்குக் கீழே இருப்பதை அம்மாவுக்கு வாய்விட்டுப் படி.

அம்மா, நான்தான். தப்பு உன் கையில் இல்லை. அரைகுறையாகக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பாதியில் கிளம்பிப் போனது நான். அத்தை ஏதாவது சொன்னால் என் பேரைச் சொல்லு. காப்பகத்துக்குச் சம்மதிக்காதே. இங்கே மையத்தில் உனக்கு இடம் கேட்டிருக்கிறேன், எட்டு மாதம் ஆகும் என்கிறார்கள். எட்டு மாதம் அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டிரு, போதும்.

அக்கா


ஜூலை 5

அக்காவுக்கு,

நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்தேன். அம்மா, "அவ ஏன் இத தன் தலையில போட்டுக்கிறா. அவ சொல்லிக்கொடுத்தது சரிதான். நான்தான் தொட்டுப் பாத்ததத் தப்பாப் பாத்திருக்கேன்" என்றாள்.

நீ உன் தப்பு என்கிறாய். அவள் தன் தப்பு என்கிறாள். எனக்கு நடுவில் உட்கார முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

மே 24, அப்பா வேலைக்குக் கிளம்பும்போது, குளியலறையில் சிமெண்ட் கறை இருக்கிறது, கேனிலிருந்து கொஞ்சம் ஆசிட்டை ஒரு பாட்டிலில் ஊற்றி வை, ஞாயிற்றுக்கிழமை நானே கழுவுகிறேன் என்றார். அம்மா அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். சமையலறைத் தொட்டி ஓரத்தில் வினிகர் பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. வினிகர் தீர்ந்துவிட்டது, கடையில் வாங்கி இதில் ஊற்று என்று அம்மா முந்தின நாள் என்னிடம் சொல்லியிருந்தாள். நான் கடைக்குப் போகவில்லை. கடைக்காரர் ஏதாவது பேச்சுக் கொடுப்பார் என்று நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாட்டிலில் ஆசிட்டை ஊற்றினேன். புனல் வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினேன். அதில் இரண்டு ரப்பர் பேண்டு இருந்ததை என் கண் பார்த்தது, அக்கா. பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கு அது பாட்டிலோடு ஒட்டிய ஏதோ ஒன்றாகத்தான் தெரிந்தது. அது ஓர் எழுத்து என்று தோன்றவில்லை.

ஆனால் நான் கவனமாக இருந்தேன். அதைச் சொன்னால் நீ என்னை அடிப்பாய். ஒரு வெள்ளைத் தாள் வெட்டி, சிவப்புப் பேனாவால் 'ஆசிட். தொடாதே' என்று பெரிய எழுத்தில் எழுதி, பசை தடவி ஒட்டினேன். கோடு நேராக வர அடியில் அளவுகோல் வைத்து எழுதினேன். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். அழகாக இருந்தது. இனி பயமில்லை என்று தொட்டி ஓரத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

கண் தெரியாதவள் வீட்டில், அக்கா.

மறுநாள் அம்மா தொட்டி ஓரத்தில் கை வைத்தபோது பாட்டில் நிறைந்திருந்தது. நான் வினிகர் வாங்கி ஊற்றிவிட்டு இடத்தில் வைக்க மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள். எடுத்த இடத்தில் வை என்பது நீ போட்ட சட்டம்தானே. எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் இரண்டாம் தட்டில் வலது ஓரத்தில் வைத்தாள். அவள் வைப்பதை நான் பார்க்கவில்லை. ஆனால் அவள் அப்படித்தான் செய்திருப்பாள், ஏனென்றால் 26-ஆம் தேதி அது அங்கேதான் இருந்தது.

இதுவரை சொன்னது தெரியாமல் செய்தது. இனிச் சொல்வது தெரிந்து செய்தது.

அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களோடு வாசலில் நின்றாள். நான் சமையலறைக்குப் போய் அந்தத் தாளைத் தண்ணீர் விட்டுச் சுரண்டி எடுத்தேன். அப்போதுதான் ரப்பர் பேண்டுகளைச் சரியாகப் பார்த்தேன். அவற்றையும் கழற்றினேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. கை தானாகச் செய்தது. இரண்டையும் என் சீப்பு வைக்கும் பெட்டியில் போட்டேன். இப்போதும் அங்கேதான் இருக்கின்றன.

அத்தை பாட்டிலை அம்மா கையில் திணித்தபோது நான் இரண்டடி தள்ளி நின்றேன். அம்மா என் பக்கம் திரும்பி, "நீ வினிகர் வாங்கிட்டு வந்தியா?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். அது உண்மைதான். அந்த ஒரு உண்மையைச் சொல்லிவிட்டு நின்றேன். அம்மா பாட்டிலைத் தடவினாள், தடவினாள், தடவினாள்.

இப்போது அவள் பொத்தானைப் பொத்தானா என்று கேட்கிறாள். அதைச் செய்தது நான்.

என்ன செய்வது என்று எழுது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மற்ற யாரிடமாக இருந்தாலும் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவேன்.

தங்கை


ஜூலை 11

நீ எழுதி அம்மா படிக்க முடியாது. வாயால் சொல். காப்பகத்துக்கு அனுப்புவதற்குள் சொல். அவள் காதுக்குப் பக்கத்தில் நின்று, உன் குரலில் சொல்.

சொல்லும்வரை எனக்கு எழுதாதே.


ஜூலை 30

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கு எளிதாக இருந்த வழியில் போனேன். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். பேச்சு இல்லை, ஒரு நோட்டில் எழுதிக் காட்டுகிறார். அத்தை வெளியே போயிருந்தபோது நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். படித்தார். நோட்டை இழுத்து எழுதினார்: 'தெரியும். ஊற்றச் சொன்னது நான்தானே. யாரிடமும் சொல்லாதே.'

அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், அக்கா. மருத்துவமனையில் கண் விழித்ததிலிருந்து. அத்தை அவர் கட்டில் ஓரத்தில் நின்று அம்மாவைத் திட்டும்போதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். நான் ஏன் என்று எழுதினேன். அவர் எழுதினார்: 'உனக்கு இன்னும் வாழ்க்கை இருக்கிறது. அவளுக்கு இனி என்ன. அவளுக்குச் சமையல் வேண்டாம் என்று நான் அன்றைக்கே சொன்னேன்.' அதற்கு அடுத்த பக்கத்தில் காப்பகப் படிவம் மடித்து வைத்திருந்தது. கையெழுத்துப் போட்டிருந்தார்.

அதன் பிறகு ஐந்து நாள், தினமும் அம்மாவின் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். தட்டுவேன். தலையை ஆட்டுவாள். வாய் திறக்கும், காற்றுதான் வரும். திரும்பிவிடுவேன்.

22-ஆம் தேதி காலை பத்து மணிக்குக் கார் வந்தது. அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அத்தை வாசலில் ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருந்தாள். அம்மா வெகு நாளைக்குப் பிறகு, "இருக்கியா?" என்றாள். நான் கட்டில் சட்டத்தில் தட்டக் கையை ஓங்கினேன். தட்டவில்லை.

"இருக்கேம்மா" என்றேன்.

"என்னடி, வாயத் திறந்துட்ட. நான் போறதுனாலயா?"

"ரெண்டு இருந்துச்சும்மா."

"என்ன?"

"பாட்டில்ல. ரப்பர் பேண்டு ரெண்டு இருந்துச்சு. நான்தான் கழட்டிட்டேன்."

அவளுடைய விரல்கள் தேய்ப்பதை நிறுத்தின. நான் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்த இரண்டையும் அவள் உள்ளங்கையில் வைத்தேன். இழுத்துப் பார்த்தாள். விட்டாள்.

"அப்ப என் விரலு சரியாத்தான் சொல்லியிருக்கு."

"ஆமாம்மா."

"ஆசிட்ட அதுல ஊத்துனது?"

"நான்தான். தெரியாம. லேபிள் ஒட்டியிருந்தேன்."

"லேபிளா?" அம்மா என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "என்ன எழுதியிருந்த?"

"ஆசிட், தொடாதேன்னு."

"பெருசாவா?"

"பெருசா. செவப்புல."

"நல்லாத்தான் எழுதியிருப்ப" என்றாள். "உன் எழுத்து நல்லா இருக்கும். கடைசியா நான் படிச்சது உன் கட்டுர நோட்டுதான்."

அவள் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். பிறகு கேட்டாள்: "வேற யாருக்குத் தெரியும்?"

"அக்காவுக்கு எழுதினேன். அப்பாவுக்குத் தெரியும்."

"நீ சொல்லியா?"

"இல்ல. மொதல்லேர்ந்தே தெரியும்."

அவள் ரப்பர் பேண்டு இரண்டையும் ஒரு விரலில் மாட்டிக்கொண்டாள். அப்பா அடுத்த அறையில்தான் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. அவருடைய நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.

அத்தை உள்ளே வந்தாள். அவளிடமும் சொன்னேன். இரண்டாம் தடவை கொஞ்சம் எளிதாக வந்தது. அத்தை, "என்னடி ஒளர்ற" என்றாள். பிறகு அம்மா கையில் ரப்பர் பேண்டுகளைப் பார்த்தாள். வாசல் நாற்காலியை இழுத்துப் போட்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப கார திருப்பி அனுப்பிடவா?" என்று கேட்டாள். அம்மாவைப் பார்த்துக் கேட்டாள், மரியாதையாக. அந்த வீட்டில் அம்மாவை அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அம்மா எழுந்து சமையலறைக்குள் போனாள். வாசலில் நாற்காலி இல்லாததைக் காலால் தடவித் தெரிந்துகொண்டாள். அலமாரியில் கை வைத்தாள். அத்தை எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்திருந்தாள். எண்ணெய் இருந்த இடத்தில் தேயிலை. உப்பு ஜாடி எங்கேயோ. அம்மா ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, அதில் இருந்த ரப்பர் பேண்டுகளைக் கழற்றினாள். எண்ணெயில் ஒன்று. சர்க்கரையில் மூன்று. நீ போன பிறகு அவளாகவே போட்டுக்கொண்டது மிளகுத்தூள் டப்பாவில் நான்கு. எல்லாவற்றையும் என் கையில் கொடுத்தாள்.

"அம்மா, நீ இரு. நான் எதையும் தொட மாட்டேன். எடுத்த எடத்துல வைக்கிறேன்" என்றேன்.

"வைப்ப" என்றாள். "உன்ன நம்பாம இல்ல. ஆனா இனிமே ஒவ்வொரு பாட்டிலையும் நான் மோந்து பாக்கணும். நீ வச்சதையும் மோந்து பாக்கணும், உங்கப்பா வச்சதையும் மோந்து பாக்கணும். எத்தன நாளைக்கு மோந்து பாத்துக்கிட்டே சமைக்கிறது? மறுபடியும் சளி புடிச்சா என்ன பண்றது?"

அப்பா அறையின் வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். உள்ளே போகவில்லை. "ஆறுனதுக்கு அப்புறம் ஊத்தச் சொல்லுங்க, சூடா ஊத்திடப் போறாங்க" என்றாள், குழாயில் ஊற்றும் பாலைப் பற்றி. பிறகு காரில் ஏறினாள்.

நீ மையத்தில் கேட்ட இடத்தை விட்டுவிடாதே. எட்டு மாதம் என்றால் எட்டு மாதம். துணை ஆசிரியை வேலையையும் போய்க் கேள், இன்னும் யாரையும் போடாமல் இருந்தால். தப்பு எங்கே நடந்தது என்று அந்த மேற்பார்வை அம்மா கேட்டாரே, இப்போது உன்னிடம் பதில் இருக்கிறது. வகுப்பில் சொல்லு. கண் தெரிகிறவர்களுக்கும் ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லு.

போன ஞாயிற்றுக்கிழமை காப்பகத்துக்குப் போனேன். நீளமான கூடம், இருபது கட்டில். சமையலறைப் பக்கம் யாரையும் விடுவதில்லை, மணி அடித்தால் தட்டு வரும். தட்டை மடியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், எது எங்கே என்று சொல்வதில்லை. பக்கத்துக் கட்டிலில் கண் தெரியாத இன்னொரு அம்மாள் விரலை நேராகக் குழம்பில் விட்டுச் சுட்டுக்கொண்டார்.

நான் வீட்டிலிருந்து ரொட்டியும், வேகவைத்து உரித்த முட்டை ஒன்றும், தக்காளியும் கொண்டுபோயிருந்தேன். உன் மையத்தில் தட்டைக் கடிகாரம் மாதிரிச் சொல்வார்கள் என்று எங்கேயோ எழுதியிருந்தாய் என நினைத்து உன் கடிதங்களில் தேடினேன், இல்லை. பிறகு நினைவு வந்தது, அது நீ போவதற்கு முன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது. தட்டில் அடுக்கி அவள் மடியில் வைத்து, கூடம் முழுக்க ஆட்கள் இருக்க, வாய்விட்டுச் சொன்னேன். "பன்னெண்டு மணில ரொட்டி. மூணு மணில தக்காளி. ஆறு மணில முட்டைம்மா."

அம்மாவின் கை தடுமாறவே இல்லை. நேராக ஆறு மணிக்குப் போய் முட்டையை எடுத்தது. எடுத்து, வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் மூக்கருகே நிறுத்தி மோந்து பார்த்தாள்.

"முட்டைதாம்மா" என்றேன்.

"தெரியும்டி" என்றாள். இன்னொரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் கடித்தாள்.

தங்கை